மே கிடைத்துவிட்டாள், பிறகு ஏன் அழுகை?

"படத்தில் யாரும் சாகவில்லை. அம்மாவுக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. தொலைந்துபோன குழந்தையும் கிடைத்துவிடுகிறாள். அப்புறம் ஏன் கடைசியில் எனக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை? பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் தம்பிக்கு ஒரு சொட்டுகூட வரவில்லையே?"

'மை நெய்பர் டோட்டோரோ' பார்த்த வாசகி ஒருவரின் கேள்வி இது. நல்ல கேள்வி. சோகத்துக்கு அழுவதை விளக்குவது சுலபம். சோகம் முடிந்த பிறகு வரும் அழுகையில்தான் நரம்பு மண்டலத்தின் அழகான வேலை ஒன்று தெரிகிறது.

1988இல் ஹயாவோ மியாசாகி இயக்கி ஸ்டுடியோ ஜிப்ளி உருவாக்கிய ஜப்பானிய அனிமேஷன் படம். 1950களின் ஜப்பானியக் கிராமம் ஒன்றுக்கு அக்கா சட்சுகியும் நான்கு வயதுத் தங்கை மேயும் அப்பாவோடு குடிவருகிறார்கள். அம்மா தொலைவில் ஆஸ்பத்திரியில். (மியாசாகியின் தாயாரும் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுத்த படுக்கையாக இருந்தவர்.) வீட்டைத் துடைக்கிறார்கள், குளிக்கிறார்கள், மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அம்மா வருவது தள்ளிப்போகிறது. மே அடம்பிடிக்க, சட்சுகி கத்திவிடுகிறாள். அதுவரை பெரிய மனுஷி போல வீட்டைத் தாங்கிய அந்தப் பெண், அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். அதைப் பார்த்த மே, ஒரு சோளக்கதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பிவிடுகிறாள்.

கண்ணீரில் மூன்று வகை உண்டு என்பது தெரிந்திருக்கும்: கண்ணை எப்போதும் ஈரமாக வைப்பது, வெங்காயத்துக்கும் தூசிக்கும் வருவது, உணர்ச்சியால் வருவது. மூன்றாவதற்கான தூண்டல் மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ் வழியாக மூளைத்தண்டுக்கு இறங்குகிறது. அங்கிருந்து எந்த நரம்பு கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தானியங்கு நரம்பு மண்டலத்தில் இரண்டு பிரிவுகள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆபத்து வந்தால் உடலை முடுக்குவது பரிவு நரம்புகள். ஆபத்து நீங்கியதும் இதயத்தையும் மூச்சையும் பழைய நிதானத்துக்குத் திருப்புவது எதிர்ப்பரிவு நரம்புகள். கண்ணீர்ச் சுரப்பி மேல் இமைக்கு மேலே, கண்குழியின் வெளி ஓரத்தில் இருக்கிறது. அதைச் சுரக்க வைக்கும் முக்கிய இழைகள் ஏழாவது கபால நரம்பின் வழியாக வருகின்றன. அவை எதிர்ப்பரிவு இழைகள். அவற்றின் முனையில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டதும் சுரப்பி நீர் விடுகிறது. அதாவது, கண்ணீரைத் திறந்துவிடும் அதிகாரம் உடலை அமைதிக்குத் திருப்பும் பிரிவின் கையில் இருக்கிறது!

இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசிக் காட்சிகளைப் பாருங்கள். குளத்தில் ஒரு குழந்தைச் செருப்பு கிடைக்கிறது. பாட்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார். அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும். பெரும்பாலும் கண் வறண்டுதான் இருக்கும். செருப்பு மேயுடையது இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் மே கிடைக்கவில்லை, பதற்றம் அப்படியே நிற்கிறது. பிறகு பூனை உருவில் ஒரு மாயப் பேருந்து வருகிறது. அதன் நெற்றிப் பலகையில் ஊர்ப் பெயர்கள் உருண்டு, 'மே' என்று வந்து நிற்கிறது. குழந்தைகளைக் காப்பவர் என்று ஜப்பானியர்கள் நம்பும் ஜிசோவின் சாலையோரச் சிலைகளுக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் தங்கையை அக்கா கட்டிக்கொள்கிறாள். பதற்றத்துக்குக் காரணம் போய்விட்டது. முடுக்கிய பிரிவு கைவிட, மறு பிரிவு பொறுப்பேற்கிறது. கண் நிறைகிறது.

பதற்றம் ஏறும்போது வராத அழுகை அது தளரும் கணத்தில் வருகிறது என்று 1979இலேயே ஜே எஃப்ரன், திமோதி ஸ்பாங்லர் என்ற இரு உளவியலாளர்கள் முன்வைத்தார்கள். பின்னாளில் படம் பார்த்து அழுகிறவர்களின் உடலில் கருவி பொருத்தி அளந்தார்கள். அழுகை தொடங்கும் தறுவாயில் இதயத்துடிப்பு ஏறுகிறது; தொடங்கிய பிறகு சீக்கிரமே இறங்குகிறது; மூச்சு மெதுவாகிறது.

எல்லா அழுகையும் இந்தக் கணக்கில் அடங்காது. டோட்டோரோ வெளியானபோது அதனோடு ஒரே காட்சியில் சேர்த்துத் திரையிடப்பட்ட படம், இசாவோ தகாஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. அதிலும் நான்கு வயதுத் தங்கைதான். 1945இன் கோபே நகரம், குண்டுவீச்சு, பசி. அந்தக் குழந்தை பிழைப்பதில்லை. அங்கே வரும் கண்ணீருக்கு நிம்மதி காரணமே இல்லை. இனி செய்ய ஒன்றுமில்லை என்ற கையறுநிலைதான் காரணம். கண்ணீரை நெடுங்காலமாக ஆராயும் நெதர்லாந்து உளவியலாளர் அட் விங்கர்ஹூட்ஸ் இந்தக் கையறுநிலையைத்தான் முக்கியமாகச் சொல்கிறார். என் பார்வையில் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டிலும் போராடுவதை உடல் நிறுத்திவிடுகிறது.

இன்னொரு விஷயம், அக்கா தங்கை பாசம். வெறும் பாசம் நம்மை அழவைப்பதில்லை; படத்தின் முதல் பாதி முழுக்கப் பாசம்தான், யாரும் அழுவதில்லை. நெருக்கம் திடீரென்று கூடும்போதுதான் நெஞ்சு நெகிழ்கிறது என்கிறது ஆலன் ஃபிஸ்க் என்ற மானுடவியலாளரும் சகாக்களும் வகுத்த கோட்பாடு. 'காம மூத' (அன்பால் நெகிழ்ந்த) என்று அதற்குச் சமஸ்கிருதப் பெயர் வைத்தார்கள். 19 நாடுகளில், 15 மொழிகளில் சோதித்தபோது கண்ணீர், நெஞ்சில் வெதுவெதுப்பு, மயிர்க்கூச்சம் என்று ஒத்த அறிகுறிகளே வந்தன. மியாசாகி அந்தச் சண்டையை வைத்தது ஏன் என்று இப்போது புரிகிறது. சண்டை போட்ட பிறகு கட்டிக்கொண்டால்தான் நெருக்கம் ஒரே தாவலில் ஏறும். ஆஸ்பத்திரி ஜன்னலில் சோளக்கதிர் கிடக்கிறது. அதன் தோலில் 'அம்மாவுக்கு' என்று கீறப்பட்டிருக்கிறது. அங்கே இன்னொரு தாவல்.

அழுதால் உடலின் விஷம் வெளியேறிவிடும் என்று இணையமெங்கும் சொல்கிறார்கள். ஜப்பானில் கூடி உட்கார்ந்து படம் பார்த்து அழுவதற்கென்றே நிகழ்ச்சிகள் நடக்கின்றன. உணர்ச்சிக் கண்ணீரில் வெங்காயக் கண்ணீரைவிடப் புரதம் அதிகம் என்று 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ஃப்ரே கண்டது உண்மை. அதிலிருந்து 'அழுத்தமே கரைந்து வெளியேறுகிறது' என்பது பெரிய பாய்ச்சல். கன்னத்தில் வழிகிற சில சொட்டுகள் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கிற வேலையைச் செய்துவிடாது. மனத்துயரோடு இருப்பவரிடம் "அழுது தீர்த்துவிடு, சரியாகிவிடும்" என்று சொல்லி டாக்டரிடம் போகவிடாமல் செய்வது எனக்குக் கோபம் தருகிறது. அழுகையைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது வீண் என்று நினைப்பவர்களும் இதை யோசிக்க வேண்டும்; ஆராயாமல் விட்ட இடத்தில்தான் இப்படிப்பட்ட நம்பிக்கைகள் வேர்பிடிக்கின்றன.

அழுதால் மனம் லேசாவதும் பொய்யில்லை, ஆனால் உடனே இல்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில் 60 பேருக்கு உருக்கமான படம் காட்டினார்கள். அழுத 28 பேரின் மனநிலை படம் முடிந்ததும் தாழ்ந்தது, 20 நிமிடத்தில் பழையபடி ஆனது, 90 நிமிடத்தில் படத்துக்கு முன் இருந்ததைவிட மேலாக இருந்தது.

தம்பிக்கு வருகிறேன். அந்த ஆய்வில் அழாதவர்கள் 32 பேர், பாதிக்கும் மேல். ஆகவே அழாமல் இருப்பது அபூர்வமே இல்லை. நெகிழ்ச்சிக்குக் கண்ணீர் ஓர் அறிகுறி மட்டும்தான். பேருந்துப் பலகையில் பெயர் மாறியபோது கை மயிர் சிலிர்த்ததா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள்.