பிரிட்டனில் டிவி லைசென்ஸ்: யார் கட்ட வேண்டும், யாருக்குத் தேவையில்லை

பிரிட்டனில் புதிதாக வீடு எடுத்தவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே ஒரு கடிதம் வரும். பெயர் இருக்காது. 'இந்த வீட்டில் சட்டப்படி குடியிருப்பவருக்கு' என்று மட்டும் இருக்கும். உள்ளே, இந்த முகவரிக்கு டிவி லைசென்ஸ் (டிவி பார்ப்பதற்குக் கட்டணம் கட்டி வாங்கும் அனுமதி) இல்லை, விசாரணை நடக்கலாம், அபராதம் விதிக்கப்படலாம் என்று மிரட்டும் தொனியில் நாலு பத்தி. மதுரையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அப்போதுதான் வந்து இறங்கியவருக்கு இதைப் படித்ததும் அடிவயிறு கலங்கும். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் தேவையே இல்லாமல் பணம் கட்டுகிறவர்கள் உண்டு. 'நம்ம வீட்டில் டிவியே இல்லை, லேப்டாப் மட்டும்தானே' என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அது அவ்வளவு சிக்கலானதும் இல்லை.

டிவி பெட்டி வைத்திருப்பதற்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை. எதைப் பார்க்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தின்படி, ஏதாவது ஒரு டிவி சேனலில் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தாலோ பதிவு செய்தாலோ லைசென்ஸ் வேண்டும். பிரிட்டனின் பொது ஒளிபரப்பு நிறுவனமான பிபிசியின் இணையச் சேவை ஐபிளேயரில் எதைப் பார்த்தாலும், அது போன வாரத்து நிகழ்ச்சியாக இருந்தாலும், வேண்டும். ஐபிளேயர் பற்றிய இந்த விதி 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கருவி என்பது பொருட்டே இல்லை. டிவி, மேசைக் கணினி, லேப்டாப், டேப்லெட், கைபேசி, கேம் ஆடும் பெட்டி என எல்லாம் ஒன்றுதான்.

நம் ஆட்கள் பெரும்பாலும் சறுக்குவது 'ஏதாவது ஒரு டிவி சேனல்' என்ற இடத்தில்தான். பிபிசியைப் பார்த்தால்தானே பணம், நான் தமிழ் சேனல் மட்டும்தானே பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒளிபரப்பானாலும், பிரிட்டனில் உட்கார்ந்துகொண்டு அதை நேரலையில் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும்.

ஐபிஎல் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் லண்டனில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். அதை ஏதாவது ஒரு சேனலிலோ செயலியிலோ நேரலையாகப் பார்க்கிறீர்கள் என்றால் லைசென்ஸ் வேண்டும். ஆட்டம் முடிந்தபிறகு அதே ஆட்டத்தின் சுருக்கத்தை யூடியூபில் தேடிப் பார்த்தால் வேண்டாம். இரவு 8 மணி சீரியலை அது ஓடும் நேரத்திலேயே பார்த்தால் வேண்டும். மறுநாள் சேனலின் செயலியில் அந்த எபிசோடை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் வேண்டாம். யூடியூபில் நம் செய்திச் சேனல்கள் நாள் முழுக்க நேரலையாக ஓடுகின்றனவே, தேர்தல் முடிவு நாளில் எல்லோரும் கைபேசியில் திறந்து வைத்திருப்போமே, அதுவும் டிவி சேனலின் நேரலைதான். அதற்கும் லைசென்ஸ் உண்டு. இலவசமாகக் கிடைக்கிறது என்பதால் விலக்கு இல்லை.

நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம், டிஸ்னி போன்றவற்றில் வேண்டியபோது படம் பார்ப்பதற்கு வேண்டாம். ஆனால் அவற்றிலேயே ஒரு விளையாட்டுப் போட்டியை நேரலையாகக் காட்டினால், அதைப் பார்க்க லைசென்ஸ் வேண்டும். ஐடிவி, சேனல் 4 ஆகியவற்றின் செயலிகளில் பழைய நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம், லைசென்ஸ் தேவையில்லை. வானொலிக்குத் தேவையில்லை. பிபிசி தமிழ் இணையதளத்தில் செய்தி படிப்பதற்கும் தேவையில்லை.

நம் வீடுகளில் ஆயிரம் சேனல் வரும் என்று விற்கப்படும் சின்னப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. அதில் வரும் பல சேனல்களுக்கு உரிமை வாங்கியிருக்க மாட்டார்கள். அது தனிச் சட்டச் சிக்கல். அதைத் தாண்டி, அதில் நேரலை பார்த்தால் டிவி லைசென்ஸும் வேண்டும். பெட்டிக்காரரிடம் மொத்தமாகக் கட்டிய பணத்தில் இது அடங்காது.

கட்டணமும் கட்டும் முறையும்

2025 ஏப்ரல் முதல் நாளில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டானது. அதற்கு முந்தைய ஆண்டு 169.50. 2027 வரை ஆண்டுதோறும் ஏப்ரலில் விலைவாசிக்கு ஏற்ப ஏற்றுவது என்பது அரசின் ஏற்பாடு. அதனால் நீங்கள் வாங்கும் நாளில் என்ன கட்டணம் என்பதை, லைசென்ஸ் வழங்கும் அமைப்பான டிவி லைசென்சிங்கின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பிடித்தம் செய்யும் டைரக்ட் டெபிட் முறையில் கட்டலாம். ஆனால் இதில் ஒரு விஷயத்தைப் புதியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. முதல் ஆண்டுப் பணத்தை வழக்கமாக முதல் 6 மாதத்துக்குள்ளேயே வாங்கிவிடுவார்கள். அதாவது 174.50 கணக்கில் மாதம் சுமார் 29 பவுண்டு போகும். அதன்பிறகுதான் பாதியாகக் குறையும். வந்த புதிதில் வாடகை முன்பணம், குளிர் உடுப்பு, பேருந்துக் காசு என்று கை இறுகியிருக்கும்போது இது தெரியாமல் இருந்தால் கணக்கு உதைக்கும்.

75 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசம் என்று பலரும் சொல்வார்கள். 2020 ஆகஸ்டு முதல் அது எல்லோருக்கும் இல்லை. பென்ஷன் கிரெடிட் என்ற உதவித்தொகை பெறும் வீடுகளுக்கு மட்டும்தான். விசிட்டர் விசாவில் வந்து தங்கும் அப்பா அம்மாவுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்குத் தனியாக லைசென்ஸும் தேவையில்லை. நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால் அவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

வீட்டுக்கு ஒன்றா, அறைக்கு ஒன்றா

லைசென்ஸ் ஆளுக்கு அல்ல, முகவரிக்கு. ஒரே குடும்பம் ஒரே வீடு என்றால் நாலு டிவி, மூன்று லேப்டாப் இருந்தாலும் ஒன்று போதும். பங்கு போட்டுக்கொண்டு இருக்கும் வீடுகளில்தான் குழப்பம். வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பொதுவாக முழு வீட்டுக்கும் ஒன்று போதும், செலவைப் பிரித்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு ஒப்பந்தம், ஆளுக்கொரு அறை என்றால், தன் அறையில் நேரலை பார்க்கிறவர் தனக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்க் குடும்பங்களின் வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்குகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்த வீட்டுக்காரரின் உறவினர் என்றால், அதே கட்டடத்தில் இருக்கும்வரை அவர் லைசென்ஸே உங்களுக்கும் போதும். உறவு எதுவும் இல்லாத வாடகைதாரர் என்றால், உங்கள் அறையில் நீங்கள் நேரலை பார்ப்பதற்கு உங்களுக்குத் தனி. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள பகுதி என்றால் உறவினராக இருந்தாலும் தனிதான். வீட்டுக்கார அண்ணா 'அதெல்லாம் நான் கட்டிட்டேன் தம்பி' என்று நல்ல மனதோடு சொல்லலாம். அவர் கட்டியது உங்கள் அறைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

மாணவர்களுக்கு ஒரு விலக்கு பற்றி அடிக்கடி சொல்லப்படும். விடுமுறையில் திரும்பிப் போகும் வீட்டுக்கு லைசென்ஸ் இருந்தால், வெளியில் தங்கும்போது சொந்த பேட்டரியில் ஓடும் கருவியில் பார்க்கலாம் என்பது அது. பார்க்கும்போது அந்த லேப்டாப் சார்ஜரில் செருகியிருக்கக் கூடாது, ஆன்டெனாவோடும் இணைத்திருக்கக் கூடாது. சார்ஜரைச் செருகிவிட்டால் விலக்கு போய்விடும். பிரிட்டனில் பெற்றோர் இருக்கும் பிள்ளைகளுக்கு இது உதவும். பெற்றோர் கோவையில் இருக்கும் மாணவருக்கு அந்த வீட்டின் லைசென்ஸ் என்று ஒன்று இல்லாததால் இதில் ஒரு பயனும் இல்லை. விடுதியில் பொது அறைக்கு நிர்வாகம் லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். உங்கள் அறை அதில் சேராது.

தேவையில்லை என்றால் என்ன செய்வது

நேரலையும் பார்ப்பதில்லை, ஐபிளேயரும் திறப்பதில்லை என்றால், அதே அதிகாரபூர்வத் தளத்தில் 'எனக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று பதிந்துவிடலாம். சட்டப்படி பதிந்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் பதிவது நல்லது என்பேன், கடிதம் வருவது அடங்கும். கொஞ்ச காலம் கழித்து நிலைமை மாறியதா என்று மறுபடி கேட்பார்கள். சரிபார்க்க ஆளும் வரலாம்.

அப்படி வருகிறவர் போலீஸ் இல்லை. நீங்கள் சம்மதித்தால் ஒழிய அவர் வீட்டுக்குள் வர முடியாது. நீதிமன்றத்தின் தேடுதல் ஆணை இருந்தால்தான் சம்மதம் இல்லாமல் வரலாம். முதலில் அடையாள அட்டையைக் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பதாக அவருக்குத் தோன்றினால், நீங்கள் சொல்வது சாட்சியமாகப் பயன்படலாம் என்று ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டுக் கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வார், கடைசியில் கையெழுத்துக் கேட்பார். அந்த வாக்கியம் வெறும் சம்பிரதாயம் இல்லை. வாசலில் நின்றபடி மரியாதைக்காக 'யெஸ், யெஸ்' என்று தலையாட்டும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. இந்த இடத்தில் அது வேண்டாம். புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் சொல்ல மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

விசாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு

அந்தப் பெயரில்லாக் கடிதத்தால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. லைசென்ஸ் வாங்கவும் விசா காட்டத் தேவையில்லை. டிவி லைசென்ஸ் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்து பாஸ்போர்ட் எண்ணோ விசா விவரமோ கேட்டால் அது மோசடி என்று அப்போதே அழித்துவிடலாம்.

ஆனால் லைசென்ஸ் இல்லாமல் பார்ப்பது குற்றவியல் குற்றம். நீதிமன்றம் 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம், வழக்குச் செலவு தனி. விசா நீட்டிப்பு, நிரந்தர வதிவிட உரிமை, பிரஜாவுரிமை என எந்த விண்ணப்பத்திலும் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி வரும். நீதிமன்ற அபராதத்தையும் அங்கே எழுத வேண்டும். சின்ன அபராதம்தானே என்று மறைப்பது, அபராதத்தைவிடப் பெரிய பிரச்சினையாக முடியலாம்.

என் கவலையெல்லாம் அபராதம் விழுந்ததே தெரியாமல் இருப்பவர்களைப் பற்றித்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வழக்குகள் பெரும்பாலும் தபாலிலேயே நடக்கின்றன. நீதிமன்ற அறிவிப்பு வீட்டுக்கு வரும், 21 நாளுக்குள் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஒரே ஒரு நீதிபதி காகிதங்களைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிடலாம். நம் ஆட்கள் வேலைக்காகவும் வாடகைக்காகவும் அடிக்கடி வீடு மாறுகிறவர்கள். பழைய முகவரியில் வந்து விழுந்த உறை யார் கையிலும் சேராமல் போகிறது. அப்படி ஒரு தீர்ப்பு பின்னால் தெரிய வந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் 'எனக்குத் தகவல் வரவில்லை' என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் கொடுத்து வழக்கை மறுபடி தொடங்கச் செய்யலாம். தாமதிக்காமல் இலவசச் சட்ட ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்தை நாடுங்கள்.

வீடு மாறும்போது வங்கி, மருத்துவர், கவுன்சில் டாக்ஸ் எல்லாவற்றுக்கும் முகவரி மாற்றுவோம். அந்தப் பட்டியலில் டிவி லைசென்ஸையும், இ-விசா கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசா நிலையைக் காட்டிய பழைய பிஆர்பி அட்டைகள் 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகிவிட்டன. இப்போது உங்கள் விசா நிலை இணையக் கணக்கில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் பயணத்துக்கு முன்பே புதிய எண்ணை அந்தக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். வீட்டுக்காரர், முதலாளி உங்கள் விசா நிலையைச் சரிபார்க்கக் கேட்டால் கொடுக்கும் ஷேர் கோடு என்ற குறியீட்டையும் அங்கேதான் எடுப்பது. 90 நாள் செல்லும். வேலைக்கானது டபிள்யூவிலும், வாடகைக்கானது ஆரிலும் தொடங்கும். மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சரிபார்க்க முடியாது.

ஊரிலிருந்து டிவி, கணினி கொண்டு வருவது

மின்சாரத்தால் பிரச்சினை இல்லை. இந்தியா, இலங்கை போலவே இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் மூன்று செவ்வகக் கால்களோடு, உள்ளே ஃபியூஸ் வைத்தது. கப்பலில் வீட்டுச் சாமான் அனுப்புவதென்றால், இடம்பெயர்வோருக்கான வரிவிலக்கை அனுப்பும் முன்பே பிரிட்டன் வரித்துறையிடம் விண்ணப்பித்து வாங்குங்கள். 12 மாதமாவது பிரிட்டனுக்கு வெளியே வாழ்ந்திருக்க வேண்டும், பொருளை 6 மாதமாவது வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்து 12 மாதத்துக்குள் விற்கக் கூடாது. பழகிய கணினிக்கு இந்த அலைச்சல் தகும். டிவிக்குத் தகாது, இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஊருக்கே திரும்புகிறீர்கள், அல்லது படிப்பு முடிந்து அறையைக் காலி செய்கிறீர்கள் என்றால், லைசென்ஸில் முழுதாக ஒரு மாதமாவது மிச்சம் இருந்தால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வங்கிக் கணக்கை மூடுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். டைரக்ட் டெபிட்டை வங்கியில் நிறுத்தினால் மட்டும் லைசென்ஸ் ரத்தாகிவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், டிவி லைசென்சிங்குக்கும் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.