ஏற்காடு ஏறும்போது டர்போ என்ன செய்கிறது?

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போய்ச் சேரும்வரை எந்தக் காரும் நல்ல கார்தான். அதன் உண்மையான குணம் தெரிவது அதற்கப்புறம். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் பயணத்துக்குள் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து 1,200 மீட்டர் மேலே போய்விடுகிறோம். ஒரு எஞ்சினைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் நம்ம பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

போன மாதம் மச்சான் தன்னுடைய டீசல் புன்டோவின் சாவியை நீட்டி, "இன்னிக்கு நீங்க ஓட்டுங்க மாப்ள" என்றார். ஃபியட் 2009இல் இந்தியாவில் விற்க ஆரம்பித்த கார் இது. ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ என்ற இத்தாலிய வடிவமைப்பாளரின் கைவண்ணம். கூரான மூக்கு, பின்னோக்கி ஏறிக்கொண்டே போகும் ஜன்னல் கோடு, திரண்ட பின்பக்கம். இத்தனை வருஷம் கழித்தும் அழகு குறையவில்லை என்றே சொல்வேன். ஸ்டீயரிங் ஹைட்ராலிக் வகை. இப்போதைய கார்களைப் போல ஒரு விரலில் சுழலாது. ஆனால் டயர் எந்தத் தரையில், எவ்வளவு பிடிப்போடு உருள்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மலைப்பாதையில் அந்தக் கனம் ஒரு நிம்மதி.

உள்ளே இருப்பது 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின். ஸ்விஃப்டிலும் இண்டிகா விஸ்டாவிலும் ஓடியதும் இதே எஞ்சின்தான். புன்டோவில் ஏறாதவர்கள்கூட இதன் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள்.

முதல் வளைவில் எதிரே பஸ் வந்தது. மலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி என்பது விதி, ஆனாலும் பெரிய வண்டி திரும்ப இடம் வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது கியர், இருபது கிலோமீட்டர் வேகம். பஸ் போனதும் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். கார் நகர்ந்தது, ஆனால் இழுக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளிவிட்டது போலப் பாய்ந்தது.

"ஃபர்ஸ்ட் போட்டிருக்கணும் மாப்ள. எஞ்சின் சுத்து நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழ விட்டா அது தூங்கிரும்" என்றார் மச்சான்.

அவர் சொன்ன கியர் சரி. ஆனால் எஞ்சின் தூங்கவில்லை. அது காற்றுக்காகக் காத்திருந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டால் சுடும் இல்லையா, அதே கதைதான், பல மடங்கு கடுமையாக. இந்த எஞ்சின் காற்றைப் பதினேழு மடங்குக்கும் மேல் நெருக்குகிறது. அப்போது காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குள் டீசலை மிக நுண்ணிய தூறலாகப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்கிறது. பீய்ச்சும் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரே தடவையில் கொட்டாமல் பல சிறு சிறு பீய்ச்சல்களாகப் பிரித்துத் தருவதால்தான் இதற்கு மல்டிஜெட் என்று பெயர். முதலில் துளியளவு டீசல் எரிந்து வழி செய்துவிடும், அதனால் அடுத்து வரும் பெரிய பங்கு 'டங்' என்று வெடிக்காமல் நிதானமாக எரியும். பழைய டீசல் ஜீப்பின் சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்தச் சிறு துளியால் வந்தது.

ஒரு சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு டீசலைத்தான் ஒழுங்காக எரிக்க முடியும். அதிகமாக ஊற்றினால் கரும்புகைதான் வரும். பழைய லாரிகள் மேட்டில் திணறும்போது கக்கும் புகை அதுதான், காற்று போதாமல் பாதி எரிந்த டீசல். எனவே சின்ன எஞ்சினிலிருந்து பெரிய இழுவை வேண்டுமென்றால் அதற்குள் அதிகக் காற்றைத் திணிக்க வேண்டும். டர்போவின் வேலை அதுதான். எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே மூச்சை இழுக்கும் இந்த யோசனைக்கு ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் பொறியாளர் 1905லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். கார்களில் இருக்கும் சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலும்.

டர்போ என்ன தருகிறது என்று பார்க்க இரண்டு புன்டோக்களை ஒப்பிட்டாலே போதும். 1.2 லிட்டர் பெட்ரோல் புன்டோ 68 குதிரைத்திறன், டீசல் 76. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் முறுக்குவிசை பெட்ரோலில் 96 நியூட்டன் மீட்டர், டீசலில் 197. ஒரு மீட்டர் நீளக் கம்பியை எஞ்சினின் அச்சில் ஸ்பேனர் போல மாட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். நுனியில் பத்து கிலோ மூட்டையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு பெட்ரோலுடையது, இருபது கிலோ தொங்கவிட்டால் டீசலுடையது. பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றித் தன் திறனைக் காட்டுகிறது. டீசலோ 1,750 சுற்றிலேயே தன் முழு முறுக்கையும் கொடுத்துவிடுகிறது. நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறி ஒன்றரை டன் ஆகிவிட்ட காரை மேட்டில் இழுக்க அதுதான் வேண்டும்.

சரி, அப்படியென்றால் முதல் வளைவில் ஏன் இழுக்கவில்லை? இரண்டாவது கியரில் இருபது கிலோமீட்டர் வேகம் என்றால் எஞ்சின் சுமார் 1,300 சுற்றில் இருக்கும். புகை குறைவு, டர்போ சக்கரம் தளர்ந்து சுழல்கிறது, உள்ளே போகும் காற்றும் குறைவு. இந்த நேரத்தில் நாம் மிதிக்கிறோம். எஞ்சினின் கணினி காற்றை அளந்து பார்த்து, இவ்வளவு காற்றுக்கு இவ்வளவு டீசல்தான் என்று கையைக் கட்டிவிடுகிறது. அந்தக் கொஞ்சம் டீசல் எரிந்து கொஞ்சம் புகை கூடுகிறது. புகை கூடியதால் சக்கரம் சற்று வேகமாகச் சுழல்கிறது. காற்று கூடுகிறது, அதனால் டீசல் கூடுகிறது, மறுபடியும் புகை கூடுகிறது. வட்டிக்கு வட்டி போல இது பெருகிக்கொண்டே போய், 1,800 சுற்றை நெருங்கும்போது முழு வேகம் பிடிக்கிறது. நாம் உணரும் அந்தத் திடீர்த் தள்ளல் இதுதான். குறை காரில் இல்லை, நான் போட்டிருந்த கியரில் இருந்தது. சின்ன டர்போ டீசல் எதுவானாலும் கூடக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும். புன்டோவிலேயே 93 குதிரைத்திறன் வகையில் புகை வரும் வழியைக் குறுக்கவும் விரிக்கவும் கூடிய சின்ன இலைகள் வைத்தார்கள். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறிப் பாயுமே, அந்த உத்தி.

இரண்டாவது வளைவிலிருந்து மச்சான் சொன்னபடி செய்தேன். வளைவுக்கு முன்பே வேகம் செத்துவிட்டால் முதல் கியர், இல்லாவிட்டால் இரண்டாயிரத்துக்குக் கீழே இறங்காமல் இரண்டாவது கியர். அப்புறம் அந்தக் காரைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததே தவிர, கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பத்தாவது வளைவு தாண்டிக் குளிர்ச்சி தட்டிய பிறகும் அதே இழுவை. இதுவும் டர்போவின் உபயம். ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதால் சிறிது ஈடாகும், ஆனாலும் பத்தில் ஒரு பங்கு காற்று இல்லாமல் போகிறது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். டர்போ இருந்தால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுழன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

மேலே ஏரிக்கரையில் நிறுத்தியதும் உடனே சாவியைத் திருப்பவில்லை. அவ்வளவு சூட்டில் சுழன்ற டர்போவின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது. எஞ்சினை நிறுத்தினால் எண்ணெய் ஓட்டமும் நின்று, அங்கேயே கருகும். ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் போதும்.

இறங்குவதுதான் எனக்கு ஏறுவதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒன்றரை டன் காரை 1,200 மீட்டர் ஏற்றியதில் அதற்குள் சுமார் 1.76 கோடி ஜூல் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறோம். இறங்கும்போது அத்தனையும் எங்காவது வெப்பமாகப் போயாக வேண்டும். ஏறக்குறைய நாலு குடம் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. மொத்தத்தையும் பிரேக் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதை அன்று இறங்கும்போதே ஒரு வளைவோரம் பார்த்தோம். ஒரு கார் நின்றிருந்தது, முன் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை. அந்தக் குடும்பத்துப் பெரியவர் கையில் தண்ணீர் பாட்டில்.

மச்சான் இறங்கிப் போய், "ஊத்தாதீங்கண்ணா, டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் அப்படியே விடுங்க" என்றார்.

"நியூட்ரல்லதான் வந்தேன் தம்பி, டீசல் மிச்சமாகும்னு" என்றார் அவர்.

பலரும் நம்பும் கணக்கு இது, ஆனால் தலைகீழ். நியூட்ரலில் எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கணினி டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. அப்போது சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. உராய்வும், காற்றை இழுத்து நெருக்கித் தள்ளும் பாடும் சேர்ந்து காரைப் பிடித்து வைக்கின்றன. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.

பிரேக் மிதமிஞ்சிச் சூடானால் பேடின் பிடிப்பு குறையும். அதைவிட ஆபத்து பிரேக் ஆயிலில் இருக்கிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி அளவிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. ஆயிலை நெருக்க முடியாது, குமிழியை நெருக்க முடியும். மிதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், சக்கரம் நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றச் செலவு பார்க்காதீர்கள்.

இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடவும் கூடாது. பிரேக்கை நம் காலுக்கு இலேசாக்கித் தருவது வெற்றிடம். டீசல் காரில் அதை உண்டாக்க எஞ்சினால் ஓடும் தனிப் பம்ப் இருக்கிறது. எஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். மீதமிருக்கும் வெற்றிடம் சில மிதிகளுக்குத்தான் வரும்.

நாங்கள் முழுக்க இரண்டாவது கியரில் இறங்கினோம். வளைவுக்கு முன் ஒரு அழுத்தமான பிரேக், பிறகு காலை முழுதாக எடுத்துவிடுதல், அவ்வளவுதான். அடிவாரத்தில் தட்டுவடை செட் சாப்பிட நிறுத்தியபோது முன் சக்கரத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சூடுதான்.