பேர் மறந்தால் வயசு, பேசியதே மறந்தால்?

"வயசானா மூளையில தினம் லட்சம் செல் செத்துடுமாமே டாக்டர்?" கடலூரில் என்னிடம் பெற்றோரை அழைத்து வரும் பிள்ளைகளில் பலர் இப்படிக் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்கே அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். செல்களைச் சரியாக எண்ணும் முறைகள் வந்த பிறகு கதை மாறிவிட்டது. மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. அதன் மேலடுக்கில் உள்ளவற்றை 1997இல் டென்மார்க் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 10 சதவீதம்தான் என்று தெரிந்தது.

பிறகு ஏன் வயதானால் மூளை சுருங்குகிறது? செல் சாவதைவிட மெலிவதுதான் அதிகம். செல்லின் கிளைகளில் பொடிப்பொடியாக முட்கள் இருக்கும். பக்கத்துச் செல்லோடு பேசிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான். வயதாக ஆக இந்த முட்கள் குறைகின்றன, நரம்பிழையைச் சுற்றிய கொழுப்பு உறை தேய்கிறது, செய்தி மெதுவாகப் போகிறது. எதிரில் வந்த பழைய சிநேகிதர் பேர் நாக்கு நுனியிலேயே நின்றுவிட்டு, அவர் தெரு முனை தாண்டிய பிறகு வருவது இதனால்தான். தொழில் நுணுக்கமும் சொல்வளமும் பெரிதாகக் குறைவதில்லை.

நினைவும் யோசனையும் அன்றாட வேலையே கெடும் அளவுக்குச் சிதைகிற டிமென்ஷியா வேறு சங்கதி. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்த நம்மூர்க்காரர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இலை கொட்டிய பலா வேறு, வேரோடு சாய்ந்த பலா வேறு.

டிமென்ஷியாவில் அதிகம் வருவது அல்சைமர். செல்லுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படியும். உள்ளே டௌ என்ற புரதம் முறுக்கிக்கொள்ளும். செல்லுக்குள் சத்துப் போகும் பாதையைத் தாங்கிப் பிடிப்பதுதான் டௌவின் வேலை. அது கழன்றால் போக்குவரத்து நின்று செல் சாகும். இந்த இரண்டையும் 1906இல் அலோய்ஸ் அல்சைமர் எடுத்துச் சொன்னது, 55 வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையைப் பார்த்து. 'கிழவனுக்கு வர்ற நோய்தானே' என்பவர்களிடம் இதைச் சொல்லிவிடுவேன்.

செல்களின் சாவு முதலில் தொடங்குவது காதோர நெற்றிப்பொட்டுக்கு உட்புறம், புது நினைவைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸின் வாசலில். கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கினோம் என்பது ஞாபகம் இருக்கும், காலையில் சாப்பிட்டது இருக்காது. வீட்டார் ஏமாறுவது இங்கேதான்: "பழசெல்லாம் டக்கு டக்குனு சொல்றாரே!"

நான் மூன்று சொல் சொல்வேன்: தேங்காய், சாவி, ரயில். ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திருப்பிக் கேட்பேன். வயதால் மறந்தவருக்கு "சட்னிக்கு வேணும்" என்று துப்புக் கொடுத்தால் "அட, தேங்காய்!" என்பார். அல்சைமர் பிடித்தவரிடம் துப்பு பெரும்பாலும் பலிக்காது. "நீங்க எங்க சொன்னீங்க?" என்பார். பதிந்தால்தானே எடுக்க முடியும்? அடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்வேன். வாழ்நாளெல்லாம் கடைக் கணக்கு எழுதிய ஒருவர் பன்னிரண்டு எண்களையும் வலப் பக்கமே நெருக்கி எழுதினார். பெரிய முள்ளை 10 மேலேயே வைத்தார். அதைப் பார்த்த பிறகுதான் மகன் மௌனமானார்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: தினமும் போகும் திருப்பாப்புலியூர் மார்க்கெட்டிலிருந்து வழி தெரியாமல் நிற்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்று சண்டை போடுவது. அந்தப் பழியால் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். நகையை அவரே ஒளித்து வைத்திருப்பார், வைத்தது பதிந்திருக்காது. மருமகள் பாவம்.

மறதி எல்லாம் அல்சைமரும் இல்லை. பி12 குறைவு (மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரலாம்), தைராய்டு, மனச்சோர்வு, பாத்ரூமில் வழுக்கி விழுந்து சில வாரம் கழித்து மண்டைக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவற்றைக் கண்டுபிடித்தால் வைத்தியம் உண்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் குட்டி ரத்தக் குழாய்களை அடைத்துப் படிப்படியாகக் கொண்டுவரும் டிமென்ஷியா வகையும் உண்டு. புதுச்சேரி எல்லை பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றையும் கேட்பேன்: எத்தனை வருடமாகக் குடி? கூட வந்தவர்கள் தரையைப் பார்ப்பார்கள். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். காது மந்தம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், தனிமை உட்பட 14 காரணங்களைச் சரிசெய்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வழி இருக்கிறது என்கிறது லான்செட் மருத்துவ இதழ்க் குழுவின் 2024 அறிக்கை. என் அனுபவத்தில் மிகவும் அலட்சியப்படுத்தப்படுவது காதுதான். 'மெஷின் மாட்டினா நாலு பேர் பார்ப்பாங்க' என்று டிராயரில் பூட்டி வைத்துவிடுகிறார்கள்.

அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் போன்ற மாத்திரைகள் செத்த செல்லை எழுப்பாது. மிச்சமுள்ள செல்கள் பேசிக்கொள்ள உதவும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் தீராமல் பார்த்துக்கொள்ளும். அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மாத்திரைகளும் நம் வீட்டு டப்பாவில் கிடக்கும்: தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, சிறுநீர் அடக்க எழுதிக்கொடுத்தவை சில. ஆகவே முதல் தடவை வரும்போது ஸ்கேன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரியவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும், மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். நீங்களாக எதையும் திடீரென்று நிறுத்திவிட்டு வராதீர்கள்.