போலீஸ் கேட்பதற்கு முன்னால் போனை அழித்துவிட்டால் தப்பிக்கலாமா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி கொடுத்தது, கூலி வாங்கியது, பாக்கி எவ்வளவு, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். கூட்டாளி ஏமாற்றிவிட்டதாக ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறார் என்று காதில் விழுந்ததுமே யாராவது ஒருத்தர் வந்து "முதல்ல போனை ரீசெட் பண்ணுப்பா" என்பார். பண்ணாதீர்கள். புகார் பொய்யாகவே இருந்தாலும், அழித்தது தனிக் குற்றம்.

ஐபிசி என்ற பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. சாட்சியமாகக் கேட்கக்கூடிய ஆவணத்தையோ மின்னணுப் பதிவையோ, அது நீதிமன்றத்துக்குப் போகக்கூடாது என்ற எண்ணத்தில் மறைத்தால், அழித்தால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய ஐபிசியில் 2 ஆண்டுதான் இருந்தது. "எனக்கு இன்னும் சம்மனே வரலையே" என்பது இங்கே எடுபடாது, எண்ணம்தான் முக்கியம். அந்த எண்ணத்தை போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும், சரி. மெமரி நிறைந்து போய் குட்மார்னிங் படங்களை அழிப்பது யாருக்கும் குற்றமில்லை. ஆனால் காலையில் புகார், மத்தியானம் ரீசெட் என்றால் என்ன சொல்லிச் சமாளிப்பீர்கள்?

மச்சானுக்காக அழித்துக் கொடுத்தாலும் மாட்டுவீர்கள். குற்றவாளியைக் காப்பாற்றத் தடயத்தை மறைப்பது அதே சட்டத்தின் 238-வது பிரிவில் வரும். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள மோசடி வழக்கென்றால் அதில் கால் பங்கு, அதாவது ஒன்றே முக்கால் ஆண்டு வரை உள்ளே.

இத்தனைக்கும் அந்த சாட் எதிராளியின் போனில் அப்படியே இருக்கும், பணம் போனது வங்கிக் கணக்கில் இருக்கும். உங்களுக்குச் சாதகமான மெசேஜ்தான் முதலில் போகும். ஜாமீன் கேட்கும்போது "சாட்சியத்தைக் கலைப்பார்" என்று எதிர்ப்பதற்கும் நீங்களே காரணம் கொடுத்துவிடுகிறீர்கள்.

அதற்காக உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவு. பாஸ்வேர்டு இதில் வருமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை, வக்கீலைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். போனை எடுத்துப் போனால் பறிமுதல் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு. வக்கீல் வைக்க வசதியில்லையா? சேலத்துக்காரர்கள் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், ஏற்காட்டிலிருந்து இறங்கி வர முடியாதவர்கள் 15100-க்குப் போன் போடலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.