மாரடைப்பும் முதல்வர் காப்பீட்டு அட்டையும்: எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

இதயக் குழாய் முழுதாக அடைத்துக்கொண்டால் அரைமணி நேரத்துக்குள் தசை சாகத் தொடங்கும். செத்த தசை திரும்பாது. சாகாமல் செயலிழந்து மட்டும் கிடக்கும் தசையோ, குழாயைச் சீக்கிரம் திறந்தால் சில நாளில், சில வாரத்தில் மீண்டும் இயங்கும். அந்த நேரத்தில்தான் இங்கே காப்பீட்டுக்கான சான்றிதழ் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயை உள்ளிருந்து விரித்துத் திறப்பது), பைபாஸ் (அடைப்பைச் சுற்றி ரத்தத்துக்கு மாற்று வழி அமைக்கும் அறுவை) இரண்டும் உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். சிகிச்சைச் செலவுக்கான வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம். தலைக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து.

பலர் விழுவது ரேஷன் கார்டில். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுக் கார்டிலிருந்து எடுத்திருப்பார்கள், புகுந்த வீட்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். காப்பீட்டுக்கு அவர் எந்தக் குடும்பத்திலும் இல்லை. ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து என்றாலும் திருப்பி அனுப்புவார்கள். இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். பிறகு வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். “அப்புறம் வாங்க” என்றால் எந்தத் தாள் குறைகிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

நெஞ்சுவலி வந்துவிட்டால் அட்டையைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கம் என்றால், ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் அங்கேயே 14 மாத்திரை தருவார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டேட்டின் 8. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அது பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை தாங்குவதற்குத்தான். காப்பீட்டு அட்டை இல்லை என்று அரசு மருத்துவமனை சிகிச்சையை நிறுத்த முடியாது.

தனியாரில் “இங்கே காப்பீடு எடுப்பீங்களா?” என்று மட்டும் கேட்டால் போதாது. கண் சிகிச்சைக்கு மட்டும் காப்பீட்டின் மருத்துவமனைப் பட்டியலில் இருக்கும் இடமும் ஆமாம் என்றுதான் சொல்லும். இதயச் சிகிச்சைக்கு இருக்கிறதா, கேத் லேப் (ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறை) இந்த நேரத்தில் ஓடுகிறதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டினால் பிறகு வாங்கித் தருகிறோம் என்பதை நம்பாதீர்கள்; இது ரொக்கமில்லாத் திட்டம், கட்டிய காசு திரும்புவது அரிது. “நல்ல ஸ்டென்ட்டுக்குக் கூடுதலாகக் கட்டுங்கள்” என்றால் (ஸ்டென்ட் என்பது திறந்த குழாய் மூடாமலிருக்க உள்ளே வைக்கும் வலைக்குழல்) உடனே 1800 425 3993-க்குப் புகார் செய்யுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட்டின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை, வலி போய்விட்டதே என்று நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளும். மருந்து தீருவதற்கு ஒரு வாரம் முன்பே போய் வாங்கிவிடுங்கள். தசை எவ்வளவு மீண்டிருக்கிறது என்பது சில வாரம் கழித்து எடுக்கும் எக்கோவில்தான் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) தெரியும். அதற்கான தேதியை வீடு திரும்பும் நாளிலேயே எழுதி வாங்குங்கள்.