ஃபிளாஷ் என்பது அழித்தெழுதுதல்

ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவனம் கொடுத்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட நினைப்பவர் முதல் நாளிலேயே சந்திக்கும் சொல் ‘ஃபிளாஷ்’. ‘ரோமை ஃபிளாஷ் பண்ணு’, ‘ரெக்கவரியை ஃபிளாஷ் பண்ணிவிட்டு வா’ என்று பேச்சில் அது தமிழ் வினையாகவே புழங்குகிறது. (இங்கே ரோம் என்பது இயங்குதளம்; ரெக்கவரி என்பது கைபேசியைத் துடைக்கவும் மீட்கவும் உதவும் மீட்புநிரல்.) அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான்: ஃபிளாஷ் செய்தால் என் படங்களும் செய்திகளும் போய்விடுமா? இந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பொருளை விட்டுவிட்டு ஒலியை மட்டும் நாம் வாங்கிக்கொண்டதால் அது கண்ணில் படாமல் போயிற்று.

ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் ஒளியைக் குறிக்கவில்லை. தண்ணீர் மோதித் தெறிப்பதைக் குறிக்கும் ஒலிக்குறிப்பாகவே அது தோன்றியிருக்க வேண்டும் என்பர். நம்முடைய ‘சளக்’, ‘பளார்’ போன்றவற்றின் இனம். தெறிப்பின் வேகம் பிற்காலத்தில் ஒளிக்கு ஏறி, ‘பளிச்’ என்று தோன்றி மறைவது என்ற பொருள் நிலைத்தது. ஒளிப்படக் கருவியின் விளக்குக்கு அந்தப் பெயர் வந்தது இவ்வழியில்தான். கைபேசிக்குள் அது எப்படி நுழைந்தது என்பதற்கு நினைவகச் சில்லின் வரலாற்றைத் தொட்டாக வேண்டும்.

தொடக்ககாலச் சில்லுகளில் நிரலை உற்பத்தியின்போதே பொறித்துவிடுவார்கள். ஓலையில் எழுத்தாணி கீறியது போல, பிறகு படிக்கலாம், மாற்ற முடியாது. ‘ரோம்’ என்ற சொல்லின் விரிவு அதுதான்: படிக்க மட்டும் ஆன நினைவகம். 1971-இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் அழிக்கக்கூடிய வகையைக் கொண்டுவந்தார். அதன் தலையில் படிகக் கண்ணாடிச் சாளரம் ஒன்று இருக்கும். சில்லைக் கழற்றி, புற ஊதா விளக்கின் அடியில் பல நிமிடங்கள் வைத்தால் உள்ளிருந்தது முழுவதும் அழியும். பின்னர் மின்சாரத்தாலேயே அழிக்கும் வகை வந்தது, ஆனால் அது சிறிது சிறிதாக அழித்ததால் மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருந்தது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா, ஒரு பெரிய தொகுதியை ஒரே வீச்சில் மின்சாரத்தால் அழிக்கும் நினைவகத்தை உருவாக்கி, 1984-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுக் கருவியியல் மாநாட்டில் முன்வைத்தார். அந்த அழிப்பு ஒளிப்படக் கருவியின் வெளிச்சம் போலப் பளிச்சென்று முடிந்துவிடுவதைக் கண்டு ‘ஃபிளாஷ்’ என்று பெயர் வைக்கச் சொன்னவர் அவருடன் பணியாற்றிய ஷோஜி அரிஇசுமி.

இங்கே சற்று நிற்க வேண்டும். எழுதும் வேகத்துக்காக வைத்த பெயர் அன்று இது. அழிக்கும் வேகத்துக்காக வைத்த பெயர். சில்லின் இயல்பும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அழித்த நிலையில் அதன் ஒவ்வொரு சிற்றறையும் ஒன்று என்ற மதிப்பில் இருக்கும். எழுதும்போது வேண்டிய அறைகளைச் சுழியாக மாற்றலாம், ஆனால் சுழியான ஓர் அறையை மட்டும் தனியே எடுத்து மறுபடி ஒன்றாக்க வழியில்லை. அது அமைந்திருக்கும் தொகுதி முழுவதையும் அழித்த பிறகே புதிதாக எழுத முடியும். சிலேட்டில் எழுதுவதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பது போன்றது இது, ஆனால் ஓர் எழுத்தைத் திருத்துவதற்கும் ஒரு பத்தியையே துடைக்க வேண்டிய சிலேட்டு. இந்தச் சில்லில் இயங்குதளத்தை எழுதும் செயலுக்கே நாளடைவில் ‘ஃபிளாஷ்’ என்ற பெயர்ச்சொல் வினையாகிவிட்டது.

ஆகவே ஃபிளாஷ் என்ற வினைக்கு மின்னல், பளிச்சிடல் என்று நேர்ச்சொல் தேடுவது வழிதவறச் செய்யும்; அவை ஒப்புமையை மட்டும் மொழிபெயர்த்து, நடக்கும் செயலை விட்டுவிடுகின்றன. ‘நிறுவுதல்’ என்பதும் போதாது, ஏனெனில் செயலியையும் நிறுவுகிறோம், அதில் எதுவும் அழிவதில்லை. நான் பரிந்துரைப்பது ‘அழித்தெழுதுதல்’. தலையெழுத்தை அழித்தெழுத முடியுமா என்று கேட்கும் மொழியில் இது புதிதாக ஆக்க வேண்டிய சொல்லே அன்று. ‘பூட் பிரிவை அழித்தெழுதினேன்’, ‘ரெக்கவரியை அழித்தெழுத வேண்டும்’ என்று வினைவடிவங்களும் தடையின்றி வருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சொல்லைக் கேட்டவுடன் ‘எதை அழித்து?’ என்ற கேள்வி தானாகவே எழும்.

நிறுவனம் கொடுத்ததற்கு மாற்றாகப் போடும் இயங்குதளத்தை ‘கஸ்டம் ரோம்’ என்பார்கள். அதில் உள்ள ரோம், வெறும் எச்சப்பெயர். இன்று அப்படி அழைக்கப்படுவது நினைவகமும் அன்று, படிக்க மட்டும் ஆனதும் அன்று. இயங்குதளம் மாற்ற முடியாத சில்லில் இருந்த காலத்துப் பெயர், உள்ளடக்கத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. ‘தனிப்பயன் இயங்குதளம்’ என்பதே பொருந்தும். 2016 இறுதியில் நின்றுபோன சயனோஜென்மாடும், அதன் தொடர்ச்சியாக வந்த லினேஜ் ஓஎஸும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இப்போது தரவுக்கு வருவோம். கைபேசியின் சேமிப்பகம் பல பிரிவுகளாகப் பிரிந்திருக்கிறது: தொடக்க நிரலுக்கு பூட், இயங்குதளத்துக்கு சிஸ்டம், வன்பொருள் இயக்கிகளுக்கு வெண்டர், பயனரின் படங்கள், செய்திகள், செயலித் தரவுகளுக்கு யூசர்டேட்டா. கணினியில் கட்டளை கொடுத்து பூட் பிரிவை அழித்தெழுதும்போது திரையில் ‘சென்டிங் பூட்’, ‘ரைட்டிங் பூட்’ என்று இரண்டு வரிகள் தோன்றி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘ஓகே’ என்று முடியும். அந்த வரிகளில் யூசர்டேட்டா என்ற பெயர் வராத வரையில், அந்தக் கட்டளை உங்கள் படங்களைத் தொடவில்லை. இயங்குதளப் பிரிவுகளை அழித்தெழுதுவதாலேயே தரவு போவதில்லை. அது போவது வேறு இரண்டு இடங்களில்.

முதலாவது, பூட்லோடர் பூட்டைத் திறக்கும் இடம். கைபேசியை இயக்கியதும் முதலில் விழித்து, அடுத்து எதை ஏற்றலாம் என்று முடிவு செய்யும் சிறு நிரல் அது. ‘தொடக்க ஏற்றி’ என்று சொல்லலாம். அதன் பூட்டைத் திறக்கக் கட்டளையிட்டால், தரவு முழுவதும் அழியும் என்ற எச்சரிக்கை திரையில் வரும். ஒலிப் பொத்தானால் தேர்ந்தெடுத்து, இயக்கப் பொத்தானை அழுத்தி ஒப்புதல் தர வேண்டும். இந்த அழிப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இல்லையென்றால், கைபேசியைத் திருடியவர் பூட்டைத் திறந்து தன்னுடைய மென்பொருளை ஏற்றி உள்ளிருப்பதைப் படிக்க முயல இடமாகிவிடும். இதைத் தவிர்க்கக் குறுக்குவழி தேட வேண்டாம் என்பதே என் அழுத்தமான கருத்து. அது உங்களைக் காக்கும் கதவு.

இரண்டாவது, ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம். பழைய தரவை வைத்துக்கொண்டே புதியதை மேலே எழுதுவதை ‘டர்ட்டி ஃபிளாஷ்’ என்பார்கள். ‘துடைக்காமல் எழுதுதல்’ என்று சொன்னாலே விளங்கும். ஒரே தனிப்பயன் இயங்குதளத்தின் அடுத்த பதிப்புக்குச் செல்லும்போது இது பெரும்பாலும் இடையூறின்றி முடியும். வேறொன்றுக்கு மாறும்போது இரண்டு தடைகள் குறுக்கே வரும். இயங்குதளத்தோடு வரும் செயலிகளின் மின்கையொப்பம் மாறியிருப்பதால், பழைய தரவைப் புதிய செயலிகள் தமதென்று ஏற்பதில்லை. மேலும் இக்காலக் கைபேசிகளில் தரவு குறியாக்கப்பட்டே இருக்கிறது. அதைத் திறக்கும் சாவி தொடக்க ஏற்றியின் பூட்டுநிலையோடும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. முந்தைய தேதியிட்ட பதிப்புக்குத் திரும்பினால், தரவு அழியாமல் கிடந்தாலும் அதைத் திறக்கச் சாவி உதவாமல் போகலாம்.

‘வைப்’, ‘ஃபார்மட்’ ஆகிய இரு சொற்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிடபிள்யூஆர்பி என்னும் மீட்புநிரலில் வழக்கமான வைப், செயலித் தரவைத் துடைத்தாலும் படங்கள் இருக்கும் அகச் சேமிப்பை விட்டுவைக்கும். ‘ஃபார்மட் டேட்டா’ அதையும் சேர்த்தே அழிக்கும். முன்னதைத் ‘துடைத்தல்’ என்றும் பின்னதை ‘முற்றழித்தல்’ என்றும் சொன்னால் வேறுபாடு காதிலேயே விழும்.

இந்த வேறுபாட்டை நான் இழப்பின் வழியே கற்றேன். மாற்றத்துக்கு முன் ‘நாண்ட்ராய்டு’ காப்பு எடுத்திருந்தேன். ஃபிளாஷ் நினைவகத்தின் ஒரு வகையான நாண்டையும் ஆண்ட்ராய்டையும் கோத்துச் செய்த பெயர் அது. பிரிவுகளை அப்படியே நகலெடுப்பது. ஆனால் அந்த நகல் எழுதப்பட்ட இடம் அதே கைபேசியின் அகச் சேமிப்பு. புதிய இயங்குதளம் தொடக்கத் திரையிலேயே சுழன்றுகொண்டிருந்ததால் ஃபார்மட் டேட்டாவை அழுத்தினேன். அழிந்தவற்றுள் காப்பும் இருந்தது. அந்த நகலில் படங்கள் சேராது என்பதையும் அன்றுதான் அறிந்தேன்: டிடபிள்யூஆர்பியின் காப்பு அகச் சேமிப்பை விலக்கிவிட்டே தரவுப் பிரிவை நகலெடுக்கிறது. இப்போது ‘காப்பு நகல்’ என்ற சொல்லை வேறொரு கருவியில் இருக்கும் நகலுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். படக் கோப்புறையைக் கணினிக்குத் தனியே மாற்றி, அங்கே நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கைபேசியைக் கட்டளைக்கு இணைக்கிறேன்.