கண்ணாடி ஓடாது, அதற்கு உருவமும் உண்டு

அக்கா மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். போன மாதம் துணைப்பாட வகுப்பில் கொடுத்த கருத்தறிதல் தாள் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, "மாமா, இது எப்படி?" என்றாள். தாளில் இருந்தது இது: "கண்ணாடி உண்மையில் திடப்பொருள் அன்று. அது மிக மெதுவாக ஓடும் உறைந்த திரவம். இதனை உருவமற்ற திடப்பொருள் என்பர்."

முதல் வாக்கியத்தில் திடப்பொருள் இல்லை, மூன்றாவதில் திடப்பொருள். பிள்ளைக்குப் பட்டது எழுதியவருக்குப் படவில்லை. இங்கே சிங்கப்பூரில் பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அறிவியல் சொல்லைத் தமிழில் அவர்கள் பார்ப்பதே இப்படி ஏதாவது கருத்தறிதல் பத்தியில்தான். இருக்கிற அந்த ஒரு சன்னலிலும் இப்படிச் சேற்றைப் பூசினால் எப்படி?

முதலில் கண்ணாடி. கண் + ஆடி, அவ்வளவுதான். ஆடி என்றால் உருவத்தைக் காட்டும் பொருள். குறுந்தொகையில் வரும் ஆடிப்பாவை, நாம் கை தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம். இயற்பியல் பாடநூல்கள் குழியாடி, குவியாடி என்று அந்தச் சொல்லை இன்னும் வைத்திருக்கின்றன. அந்தக் காலத்து ஆடி பெரும்பாலும் தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகம். கேரளத்து ஆரன்முளைக் கண்ணாடி இன்றைக்கும் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம்தான். ஆக, கண்ணாடி என்ற சொல் அது செய்யும் வேலையைச் சொன்னது, எதனால் ஆனது என்று சொல்லவில்லை. பிறகுதான் மூக்கில் மாட்டுவது, சன்னலில் பதிப்பது எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்தன. திடமா திரவமா என்ற வழக்கில் இந்தச் சொல்லைச் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பயனில்லை.

வம்பு மற்ற இரண்டு சொற்களில். "உருவமற்ற" என்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் 'அமார்ஃபஸ்'. அதில் கிரேக்க 'மார்ஃபே' என்றால் வடிவம், முன்னால் உள்ள 'அ' இல்லை என்பது. மொழிபெயர்த்தவர் அகராதியைப் பார்த்தார், பொருளைப் பார்க்கவில்லை. தமிழில் உருவமற்றது என்றால் கண்ணுக்குத் தெரியாதது. சைவத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகப் பிரித்தே வைத்திருக்கிறோம். கடவுளை உருவமற்றவர் என்று பாடலாம், பேயை உருவமற்றது என்று சொல்லலாம். மேசையில் இருக்கும் ஊறுகாய்ப் போத்தலைச் சொல்லலாமா? அந்தப் போத்தலில் இல்லாதது வேறு. படிகத்தில் அணுக்கள் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வருவதுபோல் வரிசையாக அமர்ந்திருக்கும், கண்ணாடியில் அந்தக் கோலம் இல்லை. எனவே படிகமற்ற திடப்பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "படிக வடிவமற்ற" என்று ஏற்கனவே உண்டு. இழுவையாக இருந்தாலும் பொய் இல்லை. திடப்பொருளா திண்மமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்குத் திண்மம் பிடிக்கும், இலங்கைப் பிள்ளைகள் அதைச் சொல்லியே படிக்கிறார்கள். ஆனால் அதற்காக யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

மல்லுக்கு நிற்பது "உறைந்த திரவம்" என்பதற்காக. இதை நான் கேட்பது முதல் தடவை இல்லை. சில வருடங்களுக்கு முன் நகர மையத்தில் ஒரு பழைய தேவாலயத்தைச் சுற்றிக் காட்டியவர், வண்ணக் கண்ணாடிச் சன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, "ஐரோப்பாவில் இன்னும் பழைய கண்ணாடிகள் இருக்கு. அடிப்பக்கம் தடிச்சிருக்கும். கண்ணாடி உறைந்த திரவம், நூறு நூறு வருஷமா வழிஞ்சு இறங்கியிருக்கு" என்றார். கூட்டமே அண்ணாந்து பார்த்தது, நானும்தான்.

பழைய பலகைகள் சில அடியில் தடித்திருப்பது உண்மை. காரணம் அதைச் செய்த விதம். உருகிய கண்ணாடியை ஊதி, பிறகு வேகமாகச் சுழற்றி, தட்டுப்போல விரிய வைத்து வெட்டுவார்கள். அது எல்லா இடத்திலும் ஒரே கனமாக வராது. பதிப்பவர் கனமான பக்கத்தைக் கீழே வைத்தார், நாமாக இருந்தாலும் அப்படித்தான் வைப்போம். தலைகீழாக, மேல் பக்கம் தடித்த பலகைகளும் உண்டு. கண்ணாடி மேல்நோக்கி வழிந்ததா? இன்று உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்கிறார்கள். 1959இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த முறை அது, பலகை முழுக்க ஒரே கனமாக வரும். அதனால்தான் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சன்னல்களில் இந்தக் கதைக்கு இடமே இல்லை.

எவ்வளவு வழியும் என்று கணக்கே போட்டுவிட்டார்கள். 1998இல் பிரேசில் ஆய்வாளர் ஜனோட்டோ போட்ட கணக்கில் கண்ணாடி வழியப் பிரபஞ்சத்தின் வயதே போதாது. 2017இல் மௌரோ முதலான ஆய்வாளர்கள் லண்டனின் பழைய தேவாலயமான வெஸ்ட்மின்ஸ்டர் அபேக் கண்ணாடியின் கலவையை எடுத்து ஆராய்ந்தார்கள். முந்தைய கணிப்புகளைவிட அது பல மடங்கு இளகியது என்று தெரிந்தது. அப்படியும் 100 கோடி ஆண்டுகளில் ஒரு நானோமீட்டர் நகரும், அதுவே அதிகபட்சம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அபே நின்றுகொண்டிருப்பது ஆயிரம் ஆண்டுகூட முழுசாக இல்லை.

மெதுவாக ஓடும் திரவம் உண்மையிலேயே வேண்டுமென்றால் கீலைப் பாருங்கள், தார்போன்ற அந்தக் கறுப்புப் பொருளை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு புனலில் ஊற்றி வைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் சில்லாக உடையும், விட்டுவைத்தால் சொட்டும். 2014 வரை ஒன்பது சொட்டு. கண்ணாடியின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் குணம், கீலினுடையதைப்போல எத்தனை மடங்கு என்றால், 1 போட்டு 16 சுழியம் போடவேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவது, நத்தையையும் தெரு மூலைக் கல்லையும் "மெதுவாக நடப்பவை" என்று சொல்வது மாதிரி.

என் வீட்டுச் சாட்சி ஒன்றும் உண்டு. போன வருடம் ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் குளியலறையில் 'டமார்' என்று சத்தம். போய்ப் பார்த்தால் குளியலறைக் கண்ணாடிக் கதவு முழுக்கக் கற்கண்டு கொட்டியதுபோலத் தரையில். யாரும் தொடவில்லை. இது டெம்பர்ட் கிளாஸ். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, மேற்பரப்பில் காற்றடித்துச் சட்டென்று குளிர்விப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே பிறகு சுருங்கும். அதனால் வெளியே அமுக்கம், உள்ளே இழுவை. இந்த இழுபறிதான் அதன் பலம். விளிம்பில் சின்ன அடிபட்டாலோ, உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்ஃபைடுத் துணுக்கு பொறுமையாகப் பருத்தாலோ இழுபறி மொத்தமும் ஒரே நொடியில் அவிழ்ந்துவிடும். என் கதவுக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை, பொருத்தியவரும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடி ஓடும் திரவமாக இருந்தால் அந்த இழுபறி மாட்டிய கொஞ்ச நாளிலேயே தளர்ந்து காணாமல் போயிருக்கும். எனக்கும் அன்று தூக்கம் கெட்டிருக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். உறைதல் என்றால் தமிழில் என்ன? தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டி, நெய் உறைந்தால் கட்டி நெய். பனிக்கட்டியைவிடச் சுத்தமான உறைந்த திரவம் ஏது? அதை யாராவது திரவம் என்கிறார்களா? உறைந்தது என்று சொன்ன உடனேயே திரவம் போய்விட்டது. வேடிக்கை என்னவென்றால், அறிவியல் கணக்கில் பார்த்தால் கண்ணாடி செய்யாத ஒரே காரியம் உறைதல்தான். உறைநிலையில் ஒழுங்காகப் படிகமாகாமல், குளிரக் குளிரக் கெட்டியாகிக்கொண்டே போய் இறுகிவிடுகிறது. "மீக்குளிர் நீர்மம்" என்று அழகாக எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இறுகுவதற்கு முந்திய கட்டத்தின் பெயர். சன்னல் கண்ணாடி இறுகுவது 550 டிகிரி வாக்கில். அதற்குக் கீழே அந்தப் பெயர் செல்லாது.

இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், அடுப்பு போதும். சர்க்கரைக் கரைசலை நாள்கணக்கில் அசையாமல் விட்டால் நூலில் கற்கண்டு வளரும், அது படிகம். அதே சர்க்கரையைக் காய்ச்சி, கம்பிப்பதம் தாண்டி, உருட்டுப்பதமும் தாண்டி, பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வரும் பதத்தில் இறக்கி ஆறவிட்டால் கிடைப்பது கண்ணாடி. கடலைமிட்டாயில் கடலைகளுக்கு நடுவே வெளிச்சம் ஊடுருவுகிறதே, அதுதான். வரிசையில் உட்கார நேரம் கிடைக்காமலே இறுகிப்போனது. அம்மா பாகில் நாலு சொட்டு எலுமிச்சை பிழிவதும் இது படிகமாகிவிடக் கூடாதே என்றுதான். இந்த ஊர்க் காற்றில் மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்தால் இரண்டு நாளில் பிசுபிசுக்கும். ஈரம் ஏற ஏற அது இறுகும் வெப்பநிலை இறங்கி அறை வெப்பத்தைத் தொட்டுவிடும், அப்போது மறுபடியும் பாகு. பாகுத்தன்மை என்ற கலைச்சொல்லை இந்தப் பாகிலிருந்துதான் எடுத்தோம், எடுத்துவிட்டு அடுப்பங்கரையை மறந்துவிட்டோம். என் கட்சி: உறைந்த திரவம் வேண்டாம், இறுகிய பாகு என்று சொல்லுங்கள். தேர்வுத்தாளுக்கு மிடுக்காக வேண்டுமென்றால் படிகமற்ற திடப்பொருள்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு பிடி இருக்கிறது, மறைப்பது நியாயமில்லை. அதே ஜனோட்டோவும் மௌரோவும் 2017இல் கண்ணாடிக்குக் கொடுத்த வரையறையில், அது திடம்போலத் தோன்றினாலும் திரவ நிலையை நோக்கி ஓயாமல் தளர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். கோட்பாட்டில் சரி. அங்கே பேச்சு முடிவே இல்லாத காலத்தைப் பற்றியது. கருத்தறிதல் தாள் எழுதியவர் அந்த வழியாக வரவில்லை என்று பந்தயமே கட்டுவேன். ஆங்கிலத்தில் கிடைத்த ஒரு பத்தியை மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டு, வந்ததைத் தாளில் ஒட்டியிருக்கிறார். இப்போதெல்லாம் பாதி அறிவிப்புப் பலகைகளும் இப்படித்தான். வாக்கியத்தை வாய்விட்டு ஒருதரம் படித்தாலே கல் தட்டுப்பட்டிருக்கும்.

எல்லாம் சொல்லி முடித்தேன். பிள்ளை கடலைமிட்டாயை மென்றுகொண்டே கேட்டாள்: "அப்ப மாமா, 'கண்ணாடி ஏன் திடப்பொருள் அன்று?'ன்னு ரெண்டு மார்க் கேள்வி இருக்கே. என்ன எழுதுறது?"

"பத்தியில் இருக்கிறதை எழுது" என்றேன்.